லாரி வெளிச்சம் எங்கே தொலைகிறது?

கல்யாணைச் சுற்றியுள்ள சாலைகளில் சரக்கு நகர்வது பெரும்பாலும் இரவில்தான். நவசேவா துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் களம்போலி, தளோஜா, ஷில்பாட்டா, மும்ப்ரா பைபாஸ் வழியாகப் பிவண்டிக் கிடங்குகளுக்குப் போகின்றன. நாசிக் வெங்காயம் கசாரா மலைப்பாதை இறங்கி வருகிறது. ஜுன்னர் பக்கத்துக் காய்கறி மால்ஷேஜ் மலைப்பாதையில் வளைந்து இறங்கி, முர்பாடைத் தாண்டிக் கல்யாண் சந்தையைச் சேர்கிறது. இவற்றுக்கு நடுவே டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி எண் பலகையோடு வரும் நம் லாரிகளும் உண்டு. பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த வண்டிகள் அவை. மும்பையிலும் தானேயிலும் பகலில் கனரக வண்டிகளுக்குப் பல மணி நேரத் தடை இருப்பதால், இந்த ஓட்டுநர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இரவில் ஓட்டியாக வேண்டும். பிரேக்குக்கும் டயருக்கும் அடுத்தபடியாக அவர்கள் உயிர் நம்பியிருப்பது வண்டியின் முன்னால் எரியும் இரண்டு விளக்குகளை. அந்த விளக்குகளைத்தான் இன்று நாம் மிக மோசமாகக் கையாளுகிறோம்.

“லைட் பத்தல” என்பது லாரி ஓட்டுநர்களின் நெடுநாள் குறை. அது உண்மையான குறை. அதை யாரும் சாக்கு என்று தள்ளக் கூடாது. ஆனால் குறையைச் சொன்னதும் சந்தை தரும் விடை ஒன்றே ஒன்று: பல்பை மாற்று. 70 வாட் போதவில்லையா, 100 வாட் போடு. அதுவும் போதவில்லையா, எல்.ஈ.டி. போடு. பம்பரில் இரண்டு, கேபின் கூரையில் நான்கு என்று கூடுதல் விளக்குகளைக் கட்டு. மாற்றிய சில வாரங்களில் அடுத்த குறைகள் வரிசையாக வருகின்றன. விளக்கு மினுக்குகிறது, ஒரு பக்கம் மங்குகிறது, ஹோல்டர் உருகுகிறது, ஃபியூஸ் அடிக்கடி போகிறது, பேட்டரி ஒன்று சீக்கிரம் சாகிறது. எதிரே வருகிறவனுக்கோ கண்ணே தெரிவதில்லை. வண்டிக்குள் வரும் மின்கோளாறும் வண்டிக்கு வெளியே போகும் கண்கூச்சமும் இரண்டு வேறு பிரச்னைகள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. பழைய விளக்கு ஏன் மங்கியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் அதை ஏறத்தாழ 28 வோல்ட்டுக்கு உயர்த்தி வைக்கிறது. லாரிகளில் பரவலாக இருக்கும் எச்-4 ஹாலஜன் பல்ப் 75/70 வாட். பிரைட்டில் 75, டிம்மில் 70. பன்னாட்டுத் தர விதிப்படி இந்தப் பல்பைச் சோதிப்பது 28 வோல்ட்டில். அப்போது அது பிரைட்டில் சுமார் 1,900 லூமன், டிம்மில் சுமார் 1,200 லூமன் வெளிச்சம் தர வேண்டும். இழை பல்பின் குணம் ஒன்று உண்டு. வோல்ட் சிறிது குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். வோல்ட்டின் ஏறத்தாழ 3.4 மடிப் பெருக்கத்தில் வெளிச்சம் மாறுகிறது. அதாவது பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சத்தில் 30 விழுக்காடு போய்விடும். 20 விழுக்காடு குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும். 28-க்குப் பதிலாக 22.4 வோல்ட் வந்தால் போதும், நல்ல பல்பும் அரைகுறைப் பல்பாகிவிடும். ஓட்டுநர் கண்ணுக்கு மஞ்சளடித்துத் தெரிவது இந்த இழப்புதான்.

அந்த வோல்ட் எங்கே போகிறது? பேட்டரி சேசிஸ் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மின்சாரம் கேபினுக்குள் ஏறி, ஃபியூஸ் பெட்டிக்குப் போய், ஸ்டீயரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச் வழியாக வந்து, மறுபடி முன்னால் இறங்கி விளக்கை அடைகிறது. பழைய மாடல் வண்டிகள் பலவற்றில் விளக்குக்கான முழு மின்னோட்டமும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகவே போகிறது. வழியின் நீளம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 10 மீட்டரில் 0.17 ஓம் தடை. இரண்டு பல்புக்கும் சேர்த்துச் சுமார் 6 ஆம்பியர் ஓடினால், கம்பியிலேயே 1 வோல்ட் போய்விடும். அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இருந்தால் இழப்பு 0.4 வோல்ட்தான். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை மலிவுக்கு வாங்கிப் போட்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும். இது புதுக் கம்பியின் கணக்கு. கப்ளர், லக், ஹோல்டர், ஃபியூஸ் கவ்வி என்று வழியில் பத்துப் பன்னிரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

கல்யாண் பக்கத்து மழையும் கழிமுகக் காற்றும் இந்த இடத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைப்பாதையில் நனைந்து, பிவண்டிக் கிடங்கு வாசலில் தேங்கிய நீரில் நின்று, உல்லாஸ் கழிமுகத்தின் உப்பங்காற்றில் காயும் வண்டியில், டேப் சுற்றிய ஒவ்வொரு இணைப்பும் நீரை உறிஞ்சுகிறது. கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இழைகளுக்கு நடுவே நீர் ஏறி, செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் போயிருக்கும். கேபினைச் சாய்க்கும் கீல் பக்கத்தில் வயர் கட்டு ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. ரப்பர் உறை முழுதாக இருக்க, உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. பள்ளத்தில் இறங்கினால் விளக்கு அணைந்து எரிகிறது என்று சொல்லும் வண்டிகளில் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். விளக்கை எரியவிட்டு அந்தக் கட்டைக் கையால் அசைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விளக்குக்குள் போன மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். லாரி கேபின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. கேபினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்று துருப்பிடித்தால் கேபினில் உள்ள எல்லா விளக்கும் தடுமாறும். புது வண்டிகளில் பம்பர் பிளாஸ்டிக். கூடுதல் விளக்கு கட்டுகிறவர் பெயிண்ட் அடித்த ஏதோ ஒரு பிராக்கெட்டில் ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்துவிடுகிறார். அங்கே வழி சரியாக இல்லாவிட்டால் மின்சாரம் பக்கத்து இழைகள் வழியாகச் சுற்றுவழி தேடிப் போகும். இண்டிகேட்டர் அடிக்கும் தாளத்துக்கு ஹெட்லைட் மங்கி மங்கி எரிவதும், டிம்மில் இருக்கும்போதே டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு லேசாகத் தெரிவதும் இதனால்தான். பல்பு மாற்றினால் இது சரியாகாது. எர்த் புள்ளியைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகம் தெரியச் செய்து, நல்ல லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஆனால் எப்படி அளப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால், கம்பியில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் வோல்ட் முழுதாகக் காட்டும். மின்னோட்டம் ஓடாதபோது இழப்பும் இருக்காது. டெஸ்ட் லாம்ப்பும் இதே போல ஏமாற்றும். எஞ்சினை ஓடவிட்டு, பல்பை எரியவிட்டு அளக்க வேண்டும். முதலில் பேட்டரிகளின் இரு முனையில் 28-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. மாதம் ஒரு பல்ப் போகும் வண்டிகளில் இதையே சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் வோல்ட் 5 விழுக்காடு கூடினாலே இழை பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அடுத்து, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை விளக்கின் பிளஸ் முனையிலும் வைத்தால், வழியில் தொலைந்த வோல்ட் நேராகத் திரையில் தெரியும். அதே போலப் பேட்டரி மைனஸிலிருந்து விளக்கின் எர்த் முனைக்கு. இரண்டும் சேர்ந்து 1 வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் நல்ல நிலையில் இருக்கிறது. 2, 3 என்று ஏறினால் முள்ளை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும்; எங்கே எண் குதிக்கிறதோ அங்கே குற்றவாளி. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் போனால் பல்பைத் தொடவே வேண்டாம், பொதுவான ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், எர்த் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். பிரைட் எரிந்து டிம் மட்டும் இரு பக்கமும் எரியாவிட்டால் பிரைட்டையும் டிம்மையும் மாற்றும் டிப்பர் ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும்.

இப்படி அளக்காமல் வாட்டைக் கூட்டினால் என்ன ஆகிறது? 100 வாட் பல்ப் இரண்டு போட்டால் மின்னோட்டம் 8 ஆம்பியரைத் தாண்டும். ஏற்கெனவே வோல்ட் தின்னும் வழியில் இன்னும் அதிகமாகத் தொலையும். செலவழித்த அளவுக்கு வெளிச்சம் வராது. பச்சை பூத்த ஒரே இணைப்பில் 0.3 ஓம் தடை இருந்தால், 6 ஆம்பியரில் அங்கே சுமார் 11 வாட் வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் 8 ஆனால் அது 19 வாட். பிளாஸ்டிக் கப்ளருக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்தது போல. ஹோல்டர் உருகுவதும் ஸ்விட்ச் கருகுவதும் ‘டூப்ளிகேட் பார்ட்’ என்ற ஒரே காரணத்தால் அல்ல. அதோடு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸோ, ஒரு செம்பு இழையோ வைத்துவிட்டால், அடுத்ததாக எரியப் போவது வயர்தான். முழு லோடு ஏற்றிய வண்டியின் கேபினுக்கு அடியில் வயர் தீப்பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

சரியான மருந்து ரிலே. பேட்டரியிலிருந்து தடிமனான கம்பியை எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குக்குக் கொடுத்தால், பழைய ஸ்விட்ச் ரிலேயைத் தூண்டும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தாங்கும். பழைய 75/70 பல்பே புது வெளிச்சம் தரும். ஆனால் இதிலும் கவனம் வேண்டும். கார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ரிலேயை 24-இல் போட்டால் சுருள் எரிந்துவிடும். தொடுமுனையின் தாங்குதிறனும் 12 வோல்ட்டில் உள்ளதைவிட 24-இல் குறைவு, ஏனென்றால் நேர்மின்சாரப் பொறி 24-இல் எளிதில் அணையாது. 24 வோல்ட்டுக்கென்றே செய்த, உள்ளே பாதுகாப்பு ரெசிஸ்டரோ டையோடோ உள்ள ரிலேதான் வேண்டும். விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்.ஈ.டி.தான் குறைந்த மின்சாரம் எடுக்கிறதே, அதைப் போட்டால் வயரிங் பிரச்னையே இல்லையே என்று. பாதி சரி. மின்னோட்டம் குறைவதால் கம்பியில் இழப்பு குறையும். ஆனால் கெட்ட இணைப்பு கெட்டதாகவேதான் இருக்கும். இழை பல்ப் அந்தக் குறையை மங்கிக் காட்டும், எல்.ஈ.டி.க்குள் இருக்கும் மின்னணுச் சுற்று மினுக்கியோ திடீரென அணைந்தோ காட்டும். மலைப்பாதை வளைவில் மங்கும் விளக்கைவிட அணையும் விளக்கு கொடியது. மேலும் 24 வோல்ட் வண்டியில் பேட்டரி இணைப்பு ஒரு கணம் தளர்ந்தால், ஆல்டர்நேட்டரிலிருந்து 100 வோல்ட்டைத் தாண்டும் அதிர்வு வயரிங்கில் பாய முடியும். ‘9 முதல் 32 வோல்ட்’ என்று அட்டையில் அச்சிட்ட மலிவு எல்.ஈ.டி. அதைத் தாங்காது. இழை பல்ப் பெரும்பாலும் தாங்கிவிடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் விளக்கை மின்னணுக் கட்டுப்பாட்டகம் துடிப்புத் துடிப்பாக இயக்குகிறது, பல்ப் எடுக்கும் மின்னோட்டத்தைக் கண்காணிக்கவும் செய்கிறது. அங்கே எல்.ஈ.டி.யைச் சொருகினால் மினுக்கலும் எச்சரிக்கை விளக்கும் வருவது இயல்பே. அதைத் தவிர்க்க வயரை வெட்டி நேர் இணைப்புக் கொடுப்பது, உள்ள பாதுகாப்பையும் வெட்டி எறிவதாகும்.

இன்னொரு பழக்கம் இதைவிடப் பரவலானது. 12 வோல்ட் விளக்கோ பாட்டுப் பெட்டியோ வாங்கிவந்து, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் நடுவே வயர் எடுப்பது. உடனே எரியும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் வடிகிறது. ஆல்டர்நேட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே 28-ஆகத்தான் பார்க்கிறது. வடிந்தது முழுதாக நிறைவதில்லை, வடியாதது அளவுக்கு மீறி நிறைந்து கொதிக்கிறது. சில மாதங்களில் இரண்டும் போகும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டிருந்தால் பேட்டரிகள் பிழைத்திருக்கும்.

எதிரே வருகிறவரின் கண்ணுக்கு வருவோம். எச்-4 விளக்கின் கண்ணாடிக் கிண்ணம் ஓர் இழை எந்தப் புள்ளியில் இருக்கும் என்பதைக் கணக்கிட்டு வளைத்தது. டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகத் தட்டு இருக்கிறது. கிண்ணத்தில் பட்டு மேலே போகக்கூடிய ஒளியை அது மறைத்து, சாலையில் ஒரு வெட்டுக்கோடு போல நிறுத்துகிறது. அந்தக் கிண்ணத்தில் இரண்டு பக்கமும் தட்டையான சில்லுகள் கொண்ட எல்.ஈ.டி.யைச் சொருகினால் ஒளி பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. வெட்டுக்கோடு கலைந்து, டிம்மில் இருக்கும்போதே ஒளி எதிராளியின் முகத்துக்கு ஏறுகிறது. லாரி விளக்கு உயரத்தில் இருப்பதால், கல்யாண்–ஷில் சாலையில் வேலை முடிந்து பைக்கில் திரும்புகிறவரின் கண் மட்டத்துக்கு அது நேராக வருகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்வதும் இதைத்தான்: 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்காதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். விதி 105 இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது: 155 மீட்டருக்கு முன்னால் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியாத அளவுக்கு வெளிச்சம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றத்தான் அந்தக் கிண்ணமும் தட்டும். 2022-இல் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மாலை 6 முதல் 9 மணிக்குள் நடப்பதாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. அவை எல்லாவற்றுக்கும் விளக்கே காரணம் என்று சொல்ல முடியாது. இருட்டும் நெரிசலும் சேரும் அந்த நேரத்தில் கண்ணையும் பறிப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

“எல்லோரும் பிரைட்டில் வருகிறார்கள், நான் மட்டும் டிம் போட்டால் எனக்குத் தெரியாது” என்கிறார்கள் ஓட்டுநர்கள். இந்த மறுப்பில் வலி இருக்கிறது. தெருவிளக்கும் சாலைக்கோடும் இல்லாத இடங்களில் அவர்களைத் தனியே விட்டிருக்கிறோம். ஆனால் இருவர் கண்ணும் கூசினால் இருவருக்கும் சாலை தெரியாது. மால்ஷேஜில் ஜூலை மாத மேகம் சாலையில் இறங்கும்போது நீலவெள்ளைப் பிரைட் போட்டால், ஒளி நீர்த்துளியில் பட்டு ஓட்டுநர் முகத்துக்கே திரும்பும். வெளிச்சம் கட்டாயம் கூட வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது: தரச் சான்று பெற்ற, கிண்ணமும் ஒளிமூலமும் சேர்ந்தே வடிவமைத்த முழு விளக்குத் தொகுதி, அந்த வண்டி மாடலுக்கென்றே தயாரித்தது. ஜெர்மனி 2020-இல் எல்.ஈ.டி. மாற்றுப் பல்பை அனுமதித்தபோதுகூட, சோதித்துத் தேறிய குறிப்பிட்ட வாகன மாடல்களுக்கு மட்டுமே அனுமதித்தது. எந்தக் கிண்ணத்திலும் எந்த எல்.ஈ.டி.யும் என்று சொல்லவில்லை.

நம் சட்டமும் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, விதியை மீறி வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பாதுகாப்புக்கு முக்கியமானவை என்று அரசு அறிவித்த பாகங்களைத் தரமில்லாமல் விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம். ஆனால் சாலையில் கை காட்டி நிறுத்தப்படுவது ஓட்டுநர் மட்டுமே. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளில் பழைய பல்பைப் போட்டு, மறுநாள் மாற்றிவிடும் வண்டிகளைச் சோதனை நிலையம் எப்படிப் பிடிக்கும்? ஓட்டுநரை மடக்கி மடக்கி இது தீராது. அவர் வண்டிக்குச் சொந்தக்காரரும் இல்லை.

கடைசி மறுப்பு நேரமும் காசும். பார்ட்டி லோடுக்குக் காத்திருக்கிறான், அரை மணி நேரம் மீட்டர் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். இதில்தான் இந்தத் தொழிலின் உண்மையான கோளாறு இருக்கிறது. உரிமையாளர் பார்ட்டுக்குப் பில் கேட்டால் தருகிறார். கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால் தருவதில்லை. களம்போலியிலோ பிவண்டியிலோ உட்கார்ந்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எர்த் புள்ளியைச் சுரண்டி விளக்கைச் சரிசெய்தால் அவருக்குக் கிடைப்பது ஐம்பது ரூபாய். ஒரு ஜோடி எல்.ஈ.டி.யை மாட்டினால் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. பிறகு அவர் எதைச் செய்வார்? அறிவு அவரிடம் இருக்கிறது. அதற்கு விலை கொடுக்க நாம்தான் மறுக்கிறோம்.

எனவே நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உட்கார்ந்து மும்பைக்கு வண்டி அனுப்பும் உரிமையாளர்களுக்கும், தாராவியிலும் செம்பூரிலும் கல்யாணிலும் ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விளக்குக்குப் பணம் கேட்டு ஓட்டுநர் போன் செய்தால், எலக்ட்ரீஷியனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது பிளஸ் பக்கம் எத்தனை வோல்ட் தொலைகிறது, எர்த் பக்கம் எத்தனை என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லி, அளந்த கூலியைத் தனியாகக் கொடுங்கள். எண்கள் சரியாக இருந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால், அப்போது புது விளக்கு வாங்குங்கள்.